சேமிக்கும்போது பழைய கோப்பு எங்கே போகிறது?

1970-களில் கேரி கில்டால் உருவாக்கிய சிபி/எம் இயங்குதளத்தில் 'ஈடி' என்றொரு எடிட்டர் இருந்தது. பழகுவதற்கு முரடு, சேமிப்பதில் மட்டும் படு உஷார். திருத்தியதை மூலக் கோப்பின் மேல் எழுதவே எழுதாது. மூன்று டாலர் குறியை வாலாகக் கொண்ட தற்காலிகக் கோப்பில் எழுதும். எழுதி முடித்த பிறகுதான் பழைய கோப்பின் வால் 'பிஏகே' என்று மாறும், புதியதற்கு அசல் பெயர் கிடைக்கும். நடுவில் கரண்ட் போனாலும் பழையது பத்திரம்.

அதற்கு இடம் வேண்டுமே! அன்றைய 8 அங்குல ஃப்ளாப்பியில் சுமார் 250 கிலோபைட்தான் கொள்ளும். 1978-இல் வந்த வேர்ட்ஸ்டார் என்ற எழுத்துச் செயலியும் பிஏகே வைத்தது. டாஸ் இயங்குதளத்தின் எட்லின் எடிட்டரோ பிஏகே கோப்பைத் திறக்கவே மறுத்து, பெயரை மாற்றச் சொன்னது.

பெரிய கணினிகளில் கை தாராளம். விஎம்எஸ் இயங்குதளம் ஒவ்வொரு சேமிப்புக்கும் 1, 2, 3 என எண் ஏற்றிப் பழையதையும் வைத்துக்கொண்டது. குவிந்ததைக் கழிக்க 'பர்ஜ்' என்று தனிக் கட்டளை.

ஈமேக்ஸ் எடிட்டர் இன்னும் நுட்பம். கோப்பைத் திறந்து முதல்முறை சேமிக்கும்போது மட்டும் பழையதை டில்டா குறியோடு ஒதுக்கிவைக்கும். அடுத்து பத்து முறை சேமித்தாலும் அந்தப் பிரதியைத் தொடாது. வேலை தொடங்குமுன் இருந்த நிலைதான் வேண்டும் என்று யோசித்தவர்கள் கெட்டிக்காரர்கள்.

பிறகு டில்டா கோப்புகளைக் குப்பை என்று ஒதுக்கும் காலம் வந்தது. தற்காலிகக் கோப்பில் எழுதி, பழையதன் பெயரை நேராக அதற்குச் சூட்டிவிடுவது யூனிக்ஸ் உலகின் வழக்கம். பழையது அங்கேயே காலி. 2009-இல் இதற்குச் சோதனை வந்தது. எக்ஸ்ட்4 கோப்பு முறைக்கு மாறிய உபுண்டு லினக்ஸ் பயனர்கள் சிலரின் கணினி திடீரென நின்றுபோனது. மீண்டும் தொடங்கிப் பார்த்தால், கேடிஇ என்ற திரைச்சூழலின் அமைப்புக் கோப்புகள் பெயர் மாறாமல் இருந்தன, அளவு 0 பைட். வேகத்துக்காக எக்ஸ்ட்4 தரவை வட்டில் எழுதுவதைத் தள்ளிப்போட்டிருந்தது. பெயர் மாற்றம் முந்திக்கொண்டது.

'எஃப்சிங்க்' அழைத்துத் தரவை வட்டுக்கு அனுப்புவது மென்பொருளின் கடமை என்றார் எக்ஸ்ட்4 பராமரிப்பாளர் டெட் ட்சோ. மென்பொருள் எழுதுவோருக்கு அதில் கசப்பு இருந்தது. முந்தைய ஆண்டுதான் ஃபயர்பாக்ஸ் 3 அதை அடிக்கடி அழைத்து, எக்ஸ்ட்3 வட்டுகளில் திணறியிருந்தது. இருதரப்பிலும் நியாயம் உண்டு; ஆனால் ஒரு டில்டா கோப்பு மிஞ்சியிருந்தால் பயனர் தப்பியிருப்பார்.

கடைசியில் லினக்ஸ் கருநிரலின் 2.6.30 பதிப்பு இறங்கிவந்தது. பழைய கோப்பின் பெயரைப் புதியது எடுத்துக்கொண்டால், அதன் தரவை உடனே எழுத அனுப்பும் ஏற்பாடு அதில் சேர்ந்தது.