கோழிக் கொட்டகையில் வானொலி



வேளாண்மைப் பேச்சு என்றாலே நம்ம பக்கத்தில் நெல்தான் நினைவுக்கு வரும். 1960களின் பிற்பகுதியில் ஆடுதுறை 27 தஞ்சாவூர் ஜில்லாவில் பரவியபோது, அதற்கு ‘ரேடியோ நெல்’ என்றே பேராகிப் போச்சு. கோழிக்கு அப்படி ஒரு பெயர் வாய்க்கவில்லை. ஆனால் ரேடியோ கேட்டதில் கோழிக்காரர்கள் இளைத்தவர்கள் இல்லை.

இதற்கு அடிப்படை புனாவில் போட்டது. 1956-ல் அங்கே சுமார் 150 கிராமங்களில் வானொலி மன்றம் வைத்தார்கள். கேட்கணும், கூடிப் பேசணும், செய்து பார்க்கணும், அவ்வளவுதான் ஏற்பாடு. 1959-ல் அது நாடு முழுக்கப் பரவிற்று. 1966-ல் சில நிலையங்களில் விவசாயத்துக்கென்றே தனிப் பிரிவு வந்தது.

புறக்கடையில் மேய்கிற நாலு நாட்டுக்கோழிக்கு யார் யோசனை சொல்லணும்? வெள்ளை லெகார்ன் கொட்டகைக்குள் வந்தபோதுதான் யோசனை தேவைப்பட்டது. ஆயிரம் கோழி அடைபட்ட இடத்தில் ராணிக்கேத், அதாவது நம்ம வெள்ளைக் கழிச்சல், புகுந்தால் போட்ட முதல் அத்தனையும் குழிக்குள்ளே போயிடும். அதற்கு மருந்து கிடையாது, தடுப்பூசிதான்.

இங்கேதான் ரேடியோவின் பலமும் பலவீனமும் தெரியும். பத்திரிகையைத் திருப்பிப் படிக்கலாம். ரேடியோ ஒருதரம் சொன்னால் சொன்னதுதான். “தடுப்பு மருந்தைக் குடிதண்ணீரில் கலந்து கொடுங்க” என்பது காதில் விழும். “குளோரின் போட்ட தண்ணி கூடாது, மருந்தைப் பனிக்கட்டியோடு கொண்டு வாங்க” என்கிற பாதி, மாட்டுக்குத் தண்ணி காட்டப் போனதில் தப்பிவிடும். குளோரினும் சூடும் அந்த மருந்தில் உள்ள உயிருள்ள கிருமியைக் கொன்றுவிடும். மருந்தும் கொடுத்தாச்சு, கோழியும் செத்தாச்சு என்று பழி தடுப்பூசி மேலே விழும். விவரமான பண்ணைக்காரர்கள் ரேடியோப் பக்கத்திலேயே நோட்டும் பென்சிலும் வைத்துக்கொண்டார்கள். நாள் கணக்கையும் அளவையும் குறித்து, கால்நடை டாக்டரிடம் காட்டிச் சரிபார்த்த பிறகே கொட்டகைக்குள் போனார்கள். என் கணக்கில், ரேடியோவைச் சரியாகப் பயன்படுத்தியவர்கள் இவர்கள்தான்.

அப்புறம் விலை. வியாபாரி சொன்னதே முட்டை விலை என்றிருந்த காலத்தில், 1982-ல் பண்ணையாளர்களே தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழுவை அமைத்தார்கள். நாமக்கல் பக்கம் நோய்ப் பேச்சுக்குக் காது கொடுத்தவர்கள் விலைக்கும் காது கொடுத்தார்கள்.

வானொலிப் பண்ணைப் பள்ளியிலே பாடம் முடிந்ததும் கேள்வி கேட்பார்கள். பேர் பதிந்தவர்கள் பதில் எழுதிப் போடணும். கேட்பவர்களும் சந்தேகம் எழுதலாம். வெறுமனே “கோழி சாகுது” என்று எழுதினால் டாக்டர் என்ன சொல்வார்? வயசு எத்தனை வாரம், எண்ணிக்கை எவ்வளவு, எச்சம் என்ன நிறம், கடைசியாத் தடுப்பூசி போட்டது எப்போ, இந்த நாலும் அஞ்சலட்டையில் இருக்கணும்.