ஒரே குழலில் இரண்டு துப்பாக்கிகள்

கன்னிவாடியில் நின்று நிமிர்ந்து பார்த்தால் கீழ்ப்பழனி மலைக் காடுகள் தெரியும். முன்னாளில் துப்பாக்கியுடன் இம்மலைகளில் ஏறிய வேட்டைக்காரருக்கு ஒரு சங்கடம் இருந்தது. புதரிலிருந்து காட்டுக்கோழி பறக்குமா, காட்டெருமை எழுந்து நிற்குமா? (பெயர்தான் எருமை, உண்மையில் இது மாட்டினம், எடை ஆயிரம் கிலோவை எட்டும்.) கோழிக்குச் சிதறும் பால்ரஸ் வேண்டும், காட்டெருமைக்கோ கனத்த ஒற்றைக் குண்டு. தவறான துப்பாக்கி கையில் இருந்தால், காயம்பட்ட விலங்கு எதிரே நிற்கும்.

1860களில் பழனி மலையை ஆராய்ந்த டக்ளஸ் ஹாமில்டனின் காலத்தில் (பேரிஜம் ஏரிப் பக்கத்து ஹாமில்டன் கோட்டை அவர் பெயரால் வழங்குவதே) இதற்கு வழி, இரண்டு துப்பாக்கிகளை எடுத்துச் செல்வதுதான். இரண்டாவதைச் சுமந்து பின்னால் நடந்தவர் உள்ளூர்க்காரர். காட்டெருமை பாய்ந்து வரும்போது அதைக் கைமாற்றித் தர வேண்டியவரும் அவரே. வேட்டை நூல்களில் அவர் பெயர் அரிதாகவே காணப்படும்.

ஒரே குழல் இரண்டுக்கும் ஏன் உதவாது? ரைபிள் குழலின் உட்சுவரில் திருகுபோல் வரிப்பள்ளங்கள் உண்டு. அவற்றைப் பற்றிக்கொண்டு குண்டு பம்பரம்போல் சுழல்கிறது. அதனால் தடுமாறாமல் செல்கிறது. பால்ரஸை இப்படிச் சுழற்றினால் சில்லுகள் வெளிப்பக்கம் வீசப்பட்டு, நடுவில் ஓட்டை விழுந்த வளையம்போல் பரவும். பறவை அந்த ஓட்டையில் தப்பிவிடும்!

ஜெர்மானியர் மூன்று குழல்களை ஒன்றாகப் பிணைத்தனர். இந்தியாவில் பணியாற்றிய படை அதிகாரி ஜார்ஜ் ஃபாஸ்பரியின் வழி வேறு. அவர் 1885இல் காப்புரிமை பெற்ற அமைப்பில் குழல் முழுதும் வழவழப்பு; வாயருகே ஏறக்குறைய இரண்டு அங்குலம் மட்டுமே திருகு வரி. குண்டு சுழல அது போதும். பால்ரஸைக் கெடுக்க அது போதாது. லண்டன் ஹாலண்டு அண்டு ஹாலண்டு நிறுவனம் இதைத் தயாரித்து, முரண் என்று பொருள்படும் 'பாரடாக்ஸ்' என்று பெயரிட்டது. பெயர் பொருத்தமானதே.

ஏறக்குறைய நூறு கெஜம் வரை அதன் குறி தவறாது. அடர்ந்த சோலைக்குள் அதற்கு மேல் பார்க்கவே முடியாது! ஆனால் பள்ளத்தாக்குக்கு அப்பால் பாறை விளிம்பில் நிற்கும் வரையாடு அதன் எல்லைக்கு வெளியே, அங்கு ரைபிள்தான்.

1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டமும் 1991ஆம் ஆண்டுத் திருத்தமும் விளையாட்டு வேட்டைக்கே முற்றுப்புள்ளி வைத்தன. இம்மலைகளின் ஒரு பகுதி 2013இல் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயமாயிற்று.