நிகழ்வெண் செவ்வகப்படம் (ஒளிப்படவியல்)

ஒளிப்படவியலில் நிகழ்வெண் செவ்வகப்படம் என்பது, ஓர் எண்ணிமப் படத்தின் படப்புள்ளிகள் எந்தெந்த ஒளிர்வு மதிப்பில் எத்தனை பதிவாகியுள்ளன என்பதைக் காட்டும் வரைபடம் ஆகும். ஒளிப்படக் கலைஞர்களிடையே ஹிஸ்டோகிராம் என்ற பெயரே பெருவழக்கு. 8 பிட் படமொன்றில் கிடை அச்சின் இடது முனை 0 (முழுக் கருமை), வலது முனை 255 (முழு வெண்மை) ஆகும்.

படக்கருவியின் திரை வெயிலில் மங்கலாகவும் இருளில் மிகப் பளிச்செனவும் தோன்றுவதால், ஒளியளவை மதிப்பிடக் கண்ணைவிட இவ்வரைபடமே நம்பத்தக்கது. வரைபடம் வலது முனையில் முட்டி நின்றால் அப்பகுதியின் விவரங்கள் இழக்கப்பட்டுள்ளன. நடுவில் மேடாக அமைவதே சரியான படம் என்ற கருத்து தவறானது.

== எடுத்துக்காட்டு: திருவண்ணாமலை மகாதீபம் ==

கார்த்திகைத் தீபத்தன்று மாலை 6 மணியளவில் 2,668 அடி உயர அண்ணாமலை உச்சியில் மகாதீபம் ஏற்றப்படுகிறது. இருட்டிய பின் நகரிலிருந்து எடுக்கும் படத்தில் பெரும்பகுதி கரிய வானமும் மலையும் ஆதலால் வரைபடம் இடப்புறம் குவியும். இங்கு அதுவே சரி. ஆனால் காட்சி முழுவதையும் இடைச்சாம்பல் நிறமாகக் கருதும் தானியங்கி ஒளிமானி ஒளியளவைக் கூட்டிவிடும். வானம் சாம்பல் பூத்து, சுடர் உருவற்ற வெண்புள்ளியாகிவிடும்.

வரைபடமும் இதனை எச்சரிக்காமல் போகலாம். 1 கோடியே 20 இலட்சம் படப்புள்ளிகளில் சுடருக்குரியவை சில நூறே என்றால், வலது முனையில் அவற்றின் உயரம் கண்ணுக்குத் தெரியாது. மிகையொளிப் பகுதிகளைச் சிமிட்டிக் காட்டும் வசதியே இங்கு உதவும்.

சுடரின் செம்மஞ்சள் நிறம் மற்றொரு சிக்கல். சிவப்பு 255, பச்சை 150, நீலம் 30 கொண்ட படப்புள்ளியின் ஒளிர்வு, வழமையான வாய்பாட்டின்படி (0.299, 0.587, 0.114) ஏறத்தாழ 168 மட்டுமே. ஒளிர்வு வரைபடத்தில் குறையேதும் தோன்றாது. சிவப்போ எல்லையை எட்டிவிட்டது. ஆகவே மூவண்ணங்களுக்கும் தனித்தனி வரைபடங்களைப் பார்த்தல் வேண்டும்.

== எதிரொளி ==

மலையின் கிழக்குச் சரிவிலிருந்து காலையில் அருணாசலேசுவரர் கோயிலை எடுத்தால் சூரியன் எதிரே இருக்கும். கோபுரங்களின் நிழல்முகம் இடப்புறமும் வானம் வலப்புறமுமாக இரு மேடுகள் தோன்றும். எதைக் காப்பது என்பதை எடுப்பவரே முடிவு செய்யவேண்டும்.

== வரம்பு ==

ரா கோப்பாகச் சேமித்தாலும், பெரும்பாலான படக்கருவிகள் வரைபடத்தை ஜேபெக் முன்காட்சியிலிருந்தே கணிக்கின்றன. எனவே வரைபடத்தில் இழந்ததாகத் தோன்றும் ஒளிமிகு விவரம் ரா கோப்பில் ஓரளவு எஞ்சியிருக்கக்கூடும்.