எந்த விடுதியில் தங்குவது? – லாஸ் வேகாஸ் காட்டும் வரலாறு

திருவள்ளுவப் பெருந்தகை விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். சூதுக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். முன்னதை அறத்துப்பாலில் போற்றினார். பின்னதைப் பொருட்பாலில் கடிந்தார். அவ்விரண்டையும் ஒரே கூரையின்கீழ்க் கொண்டுவந்து, அதனையே தன் பிழைப்பாக ஆக்கிக்கொண்ட நகரம் ஒன்று உலகில் உண்டு. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் நெவாடா மாநிலத்தில், பாலைவனத்தின் நடுவே எழுந்து நிற்கும் லாஸ் வேகாஸ் நகரமே அது.

இன்று அந்நகருக்குச் செல்வோர் முதலில் எதிர்கொள்ளும் வினா, ‘எந்த விடுதியில் தங்குவது?’ என்பதாகும். இசைக்கேற்ப ஆடும் நீரூற்றுகளைச் சன்னலிலிருந்தே காண விரும்புவோர்க்குப் பெல்லாஜியோ இருக்கிறது. கட்டடத்தின் உள்ளேயே கால்வாய் அமைத்துப் படகு விடும் வெனிஷியன் இருக்கிறது. எகிப்தியப் பிரமிடின் வடிவில் லக்ஸர், உரோமப் பேரரசின் கோலத்தில் சீசர்ஸ் பேலஸ், ஐஃபெல் கோபுரத்தின் பாதி அளவுப் படிவத்தைத் தாங்கி நிற்கும் பாரிஸ், ஏறத்தாழ 5,000 அறைகளைக் கொண்ட எம்.ஜி.எம். கிராண்ட் என விடுதிகள் அணிவகுத்து நிற்கின்றன. வார நாள்களில் தாழ்ந்து நிற்கும் அறை வாடகை, வார இறுதியில் ஏறிவிடும். பெரிய மாநாடுகள் நிகழும் நாள்களில் மேலும் ஏறும். அவ்வாடகையின்மேல் ‘ரிசார்ட் கட்டணம்’ என்று மற்றொரு தொகையும் நாள்தோறும் சேரும். இவற்றையெல்லாம் ஒப்பிட்டு, தன் பணப்பைக்கும் விருப்பத்திற்கும் ஏற்ற ஒன்றைப் பயணி தெரிவுசெய்கிறான்.

அற்பமான செயலாகத் தோன்றும் இத்தெரிவுக்கும் ஒரு வரலாறு உண்டு. ‘எந்த விடுதி?’ என்னும் வினாவிற்கு முன்னதாக, ‘யாருக்கு விடுதி?’ என்னும் வினா அந்நகரில் நெடுங்காலம் நின்றது. கையில் பணம் இருந்தும், நாடறிந்த புகழ் இருந்தும், தோலின் நிறம் கறுப்பாக இருந்த காரணத்தால் வாயில் அடைக்கப்பட்டோர் பலர். அவ்வாயில் எவ்வாறு திறந்தது என்பதை அறிவது, ஆடம்பர மாளிகைகளின் பட்டியலை அறிவதைவிடப் பயனுடையதாகும்.

பாலையில் எழுந்த ஊர்

ஸ்பானிய மொழியில் ‘லாஸ் வேகாஸ்’ என்பது புல்வெளிகள் எனப் பொருள்படும். பாலையின் இடையே நீரூற்றுகளும் அவற்றைச் சுற்றிப் புல்வெளியும் இருந்தமையால் வந்த பெயர் அது. லாஸ் ஏஞ்சலிஸ் நகரையும் சால்ட் லேக் நகரையும் இணைத்த இருப்புப்பாதை இவ்வழியே சென்றது. நீராவி இரயில்களுக்கு நீர் வழங்க வசதியாக இருந்த இவ்விடத்தில் 1905 ஆம் ஆண்டு மே 15ஆம் நாள் மனைநிலங்கள் ஏலமிடப்பட்டன. அன்றே நகரம் பிறந்தது எனலாம்.

1931 ஆம் ஆண்டு இரு நிகழ்ச்சிகள் அச்சிற்றூரின் தலைவிதியை மாற்றின. பொருளாதார மந்தத்தில் தவித்த நெவாடா மாநிலம், அவ்வாண்டு மார்ச் 19ஆம் நாள் சூதாட்டத்தைச் சட்டப்படி ஏற்றது. ஆளுநர் பிரெட் பால்சார் அச்சட்டத்தில் கையொப்பமிட்டார். அதே ஆண்டில் கொலராடோ ஆற்றின் குறுக்கே, பின்னர் ஹூவர் அணை எனப் பெயர்பெற்ற பேரணையின் கட்டுமானமும் தொடங்கியது. அணையில் உழைத்தோர் ஆயிரக்கணக்கினர்; அவர்களுள் கறுப்பினத்தவர் மிகச் சிலரே. அச்சிலரும் தொழிலாளர்க்கென எழுப்பப்பட்ட போல்டர் நகரில் குடியிருக்க அனுமதிக்கப்படவில்லை.

நெடுஞ்சாலை ஓரத்து மாளிகைகள்

1941 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் தாமஸ் ஹல் என்பவர் நகர எல்லைக்கு வெளியே, லாஸ் ஏஞ்சலிஸ் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலை ஓரத்தில், எல் ராஞ்சோ வேகாஸ் என்னும் விடுதியைத் திறந்தார். நீச்சல்குளம், உணவகம், ஆடலரங்கு, சூதாட்டக்கூடம் ஆகிய அனைத்தும் ஒரே வளாகத்தில் அமைந்த புதுமை அது. அடுத்த ஆண்டில் லாஸ்ட் ஃபிரான்டியர் எழுந்தது. 1946 ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள், குற்றக் கும்பலின் பணத்தைக் கொண்டு பெஞ்சமின் சீகல் ஃபிளமிங்கோ விடுதியைத் திறந்தான். ஆறு திங்கள் கழியுமுன் சுட்டுக் கொல்லப்பட்டான். தண்டர்பேர்ட், டெசர்ட் இன், சகாரா, சேண்ட்ஸ் என அடுத்தடுத்து மாளிகைகள் தோன்றின. ‘ஸ்ட்ரிப்’ என்று உலகம் இன்று அழைக்கும் சாலை இவ்வாறே உருவாயிற்று.

இம்மாளிகைகளுக்கு வேலையாள்கள் தேவைப்பட்டனர். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், அருகிலிருந்த மக்னீசியத் தொழிற்சாலையில் பணிபுரியத் தென்மாநிலங்களிலிருந்து கறுப்பின மக்கள் வந்தனர். ஆர்கன்சாஸ் மாநிலத்து ஃபோர்டைஸ், லூசியானா மாநிலத்து டல்லுலா ஆகிய சிற்றூர்களிலிருந்து வந்தோர் மிகுதி. முன்னே வந்தவர் பின்னே உறவினரை வரவழைத்தனர். போர் முடிந்தபின் அவர்களுக்கு விடுதிகளில் வேலை கிடைத்தது: அறை துடைத்தல், படுக்கை விரித்தல், பாத்திரம் கழுவுதல், பெட்டி சுமத்தல். சீட்டு மேசையில் சீட்டுப் பகிரும் வேலையும் உணவு பரிமாறும் வேலையும் அவர்களுக்கு இல்லை. அவர்கள் குடியிருக்கவும் ஓரிடமே ஒதுக்கப்பட்டது. இருப்புப்பாதைக்கு அப்பால், செப்பனிடாத புழுதித் தெருக்களைக் கொண்ட ‘வெஸ்ட்சைட்’ என்னும் பகுதியே அது. கறுப்பின மக்கள் லாஸ் வேகாஸை ‘மேற்கத்திய மிசிசிப்பி’ என்று கசப்புடன் குறிப்பிட்டது இதனால்தான்.

மேடை உண்டு, அறை இல்லை

இக்கொடுமையின் உச்சத்தைக் கலைஞர்களின் வாழ்வில் காணலாம். சாமி டேவிஸ் ஜூனியர், நாட் கிங் கோல், பேர்ல் பெய்லி போன்றோர் அக்காலத்து அமெரிக்காவின் மனங்கவர்ந்த கலைஞர்கள். அவர்களின் பாடலைக் கேட்கவே கூட்டம் திரண்டது. விடுதிகளின் கருவூலம் நிறைந்தது. ஆயின் நிகழ்ச்சி முடிந்ததும் அவர்கள் என் செய்தனர்? முன்கூடத்தில் நிற்கவும், உணவகத்தில் உண்ணவும், மாடியறையில் உறங்கவும் அவர்களுக்கு இடமில்லை. சமையலறை வழியாகவோ பின்வாயில் வழியாகவோ வெளியேறி, வெஸ்ட்சைட் பகுதியில் வாடகைக்கு விடப்பட்ட எளிய இல்லங்களுக்கு அவர்கள் திரும்பினர். லாஸ்ட் ஃபிரான்டியர் மேடையில் ஆடிப் பாடிய இளைஞர் சாமி டேவிஸ் ஜூனியரின் நிலையும் இதுவே.

1950களில் சில விடுதிகள் பெரும்புகழ் பெற்ற ஓரிருவருக்கு மட்டும் அறை அளித்தன. எனினும் அது கலைஞர்க்குக் காட்டிய சலுகையே அன்றி, மக்களுக்கு வழங்கிய உரிமையன்று. அக்கலைஞரின் இனத்தைச் சேர்ந்த ஆசிரியரோ வணிகரோ வந்து அறை கேட்டிருப்பின், இல்லை என்பதே மறுமொழியாக இருந்திருக்கும்.

அனைவர்க்கும் திறந்த ஒரு வாயில்

1955 ஆம் ஆண்டு மே 24ஆம் நாள், ஸ்ட்ரிப் சாலையிலிருந்து விலகி, வெஸ்ட்சைட் பகுதியை ஒட்டிய பொனான்சா சாலையில், மூலான் ரூஜ் என்னும் விடுதி திறக்கப்பட்டது. இன வேறுபாடு பாராமல் எவரையும் விருந்தினராக ஏற்ற முதல் பெரிய சூதாட்ட விடுதி லாஸ் வேகாஸில் இதுவே. உரிமையாளருள் பெரும்பாலோர் வெள்ளையரே ஆயினும், குத்துச்சண்டையில் உலக வாகையராக விளங்கிய ஜோ லூயிஸ் அதில் சிறு பங்கு பெற்று, விருந்தினரை வரவேற்கும் பொறுப்பை ஏற்றார். ‘லைஃப்’ இதழ் அவ்விடுதியின் ஆடல் மகளிரைத் தன் அட்டையில் வெளியிட்டது.

நள்ளிரவு கடந்தபின் அங்கு மற்றொரு காட்சி நிகழும். ஸ்ட்ரிப் விடுதிகளில் தம் நிகழ்ச்சியை முடித்த கலைஞர்கள், வெள்ளையரும் கறுப்பினத்தவரும் சேர்ந்தே வந்து அமர்வர். அவர்களைத் தொடர்ந்து ஸ்ட்ரிப் விடுதிகளின் வாடிக்கையாளரும் வந்தனர். வாய்ப்பு அளிக்கப்பட்டபோது மக்கள் ஒன்றாக அமர்ந்து மகிழ்ந்தனர். பிரிவினையே வாடிக்கையாளரின் விருப்பம் என்று விடுதியாளர் கூறிவந்த காரணம் அங்கு பொய்த்தது.

ஆயினும் அவ்வாண்டு முடியுமுன்னரே அவ்விடுதி மூடப்பட்டது. போதிய முதலின்மையும், ஒரே ஆண்டில் ரிவியேரா, டியூன்ஸ், ராயல் நெவாடா முதலிய புதிய விடுதிகள் போட்டியிட்டு எழுந்தமையும் காரணங்களாகக் கூறப்படுகின்றன. வாயில் அடைபட்டது, ஆயின் அது காட்டிய வழி மறையவில்லை.

1960 மார்ச் 26

1960 ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள், வட கரோலினா மாநிலத்துக் கிரீன்ஸ்பரோ நகரில் நான்கு கறுப்பின மாணவர்கள், வெள்ளையர்க்கென ஒதுக்கப்பட்ட உணவுமேடையில் அமர்ந்து எழ மறுத்தனர். அத்தீப்பொறி நாடெங்கும் பரவியது. லாஸ் வேகாஸில் கறுப்பின மக்களின் முன்னேற்றத்திற்கான தேசிய சங்கத்தின் கிளைக்குத் தலைமை தாங்கியவர் டாக்டர் ஜேம்ஸ் மெக்மில்லன் என்னும் பல் மருத்துவர். அவர் நகரத் தலைவருக்கு மடல் எழுதினார். விடுதிகளின் இனத்தடை நீங்காவிடின் ஸ்ட்ரிப் சாலையில் மாபெரும் ஊர்வலம் நடைபெறும் என அறிவித்தார். மார்ச் 26 நாள் குறிக்கப்பட்டது.

அவருக்கு மிரட்டல்கள் வந்தன; அவர் பின்வாங்கவில்லை. விடுதி உரிமையாளரோ கணக்குப் பார்த்தனர். ஊர்வலத்தின் படங்கள் நாடெங்கும் பரவினால் பயணிகள் வருவரோ என அஞ்சினர். ‘லாஸ் வேகாஸ் சன்’ நாளிதழின் ஆசிரியர் ஹேங்க் கிரீன்ஸ்பன் இரு தரப்பிற்கும் இடையே நின்று பேசினார். குறித்த நாளில், மூடப்பட்டிருந்த அதே மூலான் ரூஜ் விடுதியின் காப்பிக்கடையில் தலைவர்கள் கூடினர். ஸ்ட்ரிப் விடுதிகள் கறுப்பின விருந்தினரை ஏற்க உடன்பட்டன, ஊர்வலம் கைவிடப்பட்டது. நாடு முழுமைக்குமான குடியுரிமைச் சட்டம் 1964 ஆம் ஆண்டில்தான் வந்தது என்பதை எண்ணின், இவ்வுடன்பாட்டின் அருமை விளங்கும்.

முன்வாயில் திறந்தபின்

முன்வாயில் திறந்தமையால் அனைத்தும் சீர்பெற்றுவிடவில்லை. விருந்தினராக ஏற்றவர்கள், நல்ல பணிகளில் ஊழியராக ஏற்கத் தயங்கினர். 1971 ஆம் ஆண்டில் நீதிமன்றத்தின்வழி ஏற்பட்ட இணக்க ஆணையே, சீட்டு மேசை முதலிய பணிகளையும் கறுப்பினத்தவர்க்குத் திறந்துவிட வழிசெய்தது. மற்றொரு புறம், வெஸ்ட்சைட் பகுதியின் ஜாக்சன் சாலையில் கறுப்பின மக்களை நம்பி நடைபெற்ற கடைகளும் கேளிக்கைக்கூடங்களும் வாடிக்கையாளரை இழந்து நலிந்தன. உரிமை பெற்றதிலும் இழப்பு இருந்தது.

ஊழியரின் போராட்டமும் தொடர்ந்தது. சாமி டேவிஸ் ஜூனியர் ஆடிய லாஸ்ட் ஃபிரான்டியர், பின்னாளில் ஃபிரான்டியர் எனப் பெயர் மாறி நின்றது. அங்கு 1991 ஆம் ஆண்டு செப்டம்பர் 21ஆம் நாள் ஏறத்தாழ 550 ஊழியர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினர். 1998 ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள் வரை, ஆறு ஆண்டுகளுக்கு மேலாக, இரவும் பகலும் வாயிலில் மறியல் நின்றனர். அவர்களுள் ஒருவரும் இடையில் விலகி வேலைக்குத் திரும்பவில்லை. இறுதியில் புதிய உரிமையாளர் வந்து உடன்பாடு கண்டார். அவ்வாண்டுகளில் ஃபிரான்டியர் வாயிலை அடைந்த பயணிக்கு, அங்குத் தங்குவதா, திரும்புவதா என்பது வெறும் வாடகைக் கணக்காக இருந்திருக்க இயலாது.

இன்றைய தெரிவு

பழைய மாளிகைகள் பலவும் இன்று இல்லை. டியூன்ஸ் 1993இலும் சேண்ட்ஸ் 1996இலும் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. ஃபிரான்டியர் 2007இல் வீழ்ந்தது. மூலான் ரூஜ் 1992இல் தேசிய வரலாற்றுச் சின்னங்களின் பதிவேட்டில் இடம்பெற்றும், 2003இல் நெருப்புக்கு இரையாகி, எஞ்சிய பகுதி 2010இல் இடிக்கப்பட்டது. அதன் பெயர் தாங்கிய விளக்குப் பலகை மட்டும் நகரின் நியான் அருங்காட்சியகத்தில் மீண்டும் ஒளியூட்டப்பட்டுள்ளது.

மலேசியர்க்கும் அச்சாலையோடு இன்று தொடர்பு உண்டு. 1971 ஆம் ஆண்டில் கெந்திங் மலையில் முதல் விடுதியைத் திறந்த நிறுவனம், 2021 ஆம் ஆண்டு ஜூன் 24ஆம் நாள் லாஸ் வேகாஸில் 3,500 அறைகளுக்கு மேற்பட்ட ரிசார்ட்ஸ் வேர்ல்டு விடுதியைத் திறந்தது. இனத்தடை நீங்காத 1958 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட ஸ்டார்டஸ்ட் விடுதி நின்ற நிலம் அது. நிறம் பார்த்துக் கதவடைத்த சாலையில், இன்று ஆசிய நிறுவனமொன்று உலகோர் அனைவர்க்கும் கதவைத் திறந்து வைத்திருக்கிறது.

சூது கடியத்தக்கதே; அதில் ஐயமில்லை. ஆயினும் சூதாடா மக்களும் அந்நகரின் வரலாற்றிலிருந்து கற்கத்தக்கது ஒன்றுண்டு. ஒரு விடுதியின் பெருமையை அதன் நீரூற்றும் பொன்மாடமும் ஓரளவே சொல்லும். அதன் முன்வாயிலில் யார் வரவேற்கப்படுகின்றனர், பின்வாயில் வழியே வருவோர் எவ்வாறு நடத்தப்படுகின்றனர் என்பவையே அதனை முழுமையாகச் சொல்லும். பட்டியலை விரித்து வைத்து விடுதியைத் தெரிவுசெய்யும் பயணி எவனாயினும், அப்பட்டியலைத் தனக்கும் உரியதாக்கப் பல் மருத்துவர் ஒருவரும் பெயரறியா எளியோர் பலரும் ஓர் ஊர்வலத்திற்கு ஆயத்தமாகி நின்றனர் என்பதை அறிந்திருத்தல் நன்று.