ஏணியும் ஈயும்: கண்ணாடிக்குள் ஒரு மரத்தவளை

ஜெர்மன் மொழியில் வானிலை அறிவிப்பாளருக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. 'வெட்டர்ஃப்ராஷ்', அதாவது வானிலைத் தவளை. கேலியும் வாஞ்சையும் கலந்த இப்பெயருக்குப் பின்னால் மெய்யாகவே ஒரு தவளை இருந்தது. உயரமான கண்ணாடிக் குடுவை. அடியில் இரண்டு விரற்கடை நீர். நடுவே சின்னஞ்சிறு மர ஏணி. அந்த ஏணியின் படியில் தளிரிலைப் பச்சையில் ஒரு மரத்தவளை. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜெர்மானிய வீடுகளின் சன்னலோரங்களில் இந்தக் குடுவை இருந்தது. தவளை ஏணியில் ஏறினால் நல்ல வெயில், இறங்கி நீரில் அமர்ந்தால் மழை என்பது நம்பிக்கை.

இந்த நம்பிக்கை முற்றிலும் ஆகாயத்திலிருந்து குதித்ததன்று. ஐரோப்பிய மரத்தவளை மூன்று முதல் ஐந்து சென்டிமீட்டர் நீளமே உள்ள சிற்றுயிர். விரல் நுனிகளில் ஒட்டும் வட்டுகள் இருப்பதால் புதர்களிலும் நாணல்களிலும் ஏறும். வெயில் காலத்துச் சூட்டில் பூச்சிகள் உயரப் பறக்கின்றன, அவற்றைத் தேடித் தவளையும் உயர ஏறுகிறது என்பது இதற்குச் சொல்லப்படும் விளக்கம். அப்படியானால் அது சோதிடம் சொல்லவில்லை, இரை தேடியது. அந்த இரை தேடலைத்தான் மனிதர்கள் வருவதுரைத்தலாக வாசித்தார்கள். குடுவைக்குள் உயரப் பறக்கும் பூச்சியும் இல்லை, தாழப் பறக்கும் பூச்சியும் இல்லை. ஏணி மட்டுமே இருந்தது. பசித்த உயிர் ஒன்று ஏறி இறங்குவதைப் பார்த்து மறுநாள் துணி உலர்த்தலாமா என்று முடிவு செய்த குடும்பங்கள் எத்தனையோ!

தவளையின் சோதிடம் குறித்து நிறையவே எழுதியிருக்கிறார்கள். அது என்ன தின்றது என்னும் கேள்விதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பெரும்பாலும் ஈதான். வீட்டில் பிடித்த ஈயைக் குடுவைக்குள் விட்டால் தவளை பார்த்துக்கொண்டது. கோடையில் இதற்குக் குறைவில்லை. ஆனால் குளிர்காலம் வந்ததும் ஈ மறைந்துவிடும். காட்டில் இருந்திருந்தால் இலைச்சருகுக்கும் வேருக்கும் அடியில் ஒடுங்கி, ஏறத்தாழ அக்டோபரிலிருந்து மார்ச் வரை ஒன்றும் தின்னாமல் உறங்கியிருக்கும். கணப்பு எரியும் அறையில் அந்த உறக்கம் வாய்க்காது. வெதுவெதுப்பு அதை விழித்திருக்கச் செய்யும், விழித்திருக்கும் உடலோ உணவு கேட்கும், வீட்டில் ஒரு ஈ கூட இராது. குடுவைத் தவளையின் துயரமெல்லாம் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. மாவுச் சாடியில் புழு வளர்த்துக் கொடுக்கும் வழக்கம் பிறந்ததும் இந்தக் குளிர்காலத்து இக்கட்டில்தான்.

தவளையைத் தவளையாகவே பார்த்தவர்களும் இருந்தார்கள். நூரம்பர்க் நகரின் நுண்ணோவியர் ரோஸல் ஃபான் ரோஸன்ஹாஃப் அவர்களில் முதன்மையானவர். புழுவையும் பூச்சியையும் வீட்டிலேயே வளர்த்து, அவை உருமாறுவதைப் பார்த்துப் பார்த்து வரைந்தவர். உள்நாட்டுத் தவளைகளைப் பற்றிய அவருடைய பெருநூல், கையால் வண்ணம் தீட்டிய படங்களுடன், 1758-ல் நிறைவுற்றது. மரத்தவளைக்கும் அதில் இடமுண்டு. அதே ஆண்டில் வெளிவந்த தம் நூற்பதிப்பில் லின்னேயஸ் இந்த மரத்தவளைக்கு அறிவியல் பெயர் சூட்டினார். இருவாழ்விகளையும் ஊர்வனவற்றையும் ஒரே வகுப்பில் அடைத்து, அவையெல்லாம் அருவருப்பானவை என்றும் எழுதிவைத்தார். வகைப்படுத்தியவர் முகம் சுளித்த அதே வேளையில் ஓவியர் மாதக்கணக்கில் தவளையின் எதிரே அமர்ந்திருந்தார். இவ்விருவரில் தவளையை அதிகம் அறிந்தவர் யார் என்பதில் எனக்கு ஐயமில்லை.

தவளையும் தேரையும் உணவின்றியே வாழும் என்ற நம்பிக்கையும் ஐரோப்பாவில் வேரூன்றியிருந்தது. கல்லுக்குள் இருக்கும் தேரைக்கும் இறைவன் படியளப்பான் என்று நாம் சொல்கிறோம் அல்லவா? அங்கேயும் பாறையைப் பிளந்தபோது உள்ளிருந்து உயிருள்ள தேரை குதித்து வந்ததாகக் கதைகள் பல வழங்கின. நாம் அதைப் பக்திக்குச் சான்றாக்கினோம். ஆக்ஸ்ஃபோர்டின் நிலவியல் பேராசிரியர் வில்லியம் பக்லண்ட் அதைச் சோதித்தே பார்த்துவிட்டார். 1825 நவம்பரில் இருபத்துநான்கு தேரைகளை எடுத்தார். நுண்துளைகள் கொண்ட சுண்ணாம்புக் கல்லில் பன்னிரண்டு குழிகள், இறுகிய மணற்கல்லில் பன்னிரண்டு குழிகள். குழிக்கு ஒரு தேரையாக வைத்து, மேலே கண்ணாடி பதித்து, மூடித் தம் தோட்டத்தில் மூன்றடி ஆழத்தில் புதைத்தார். 1826 டிசம்பரில் தோண்டியபோது மணற்கல்லில் இருந்தவை அனைத்தும் செத்திருந்தன. சுண்ணாம்புக் கல்லில் இருந்த சிறிய தேரைகளும் செத்துவிட்டன, பெரியவை மட்டும் உயிரோடிருந்தன. வியப்பு என்னவென்றால், அவற்றுள் இரண்டு எடை கூடியிருந்தன. அவற்றில் ஒன்றின் மேலிருந்த கண்ணாடியில் மெல்லிய விரிசல் இருந்தது. அதன் வழியே சிறு பூச்சிகள் நுழைந்திருக்கலாம் என்று பக்லண்ட் கருதினார்.

பிழைத்தவற்றை மறுபடி புதைத்தார். இரண்டாம் ஆண்டில் அவ்வப்போது கண்ணாடி வழியே பார்த்தபோது அவை கண் விழித்தபடியே இருந்தன, பார்க்கும்தோறும் மெலிந்திருந்தன. அந்த ஆண்டு முடியுமுன் ஒன்றும் மிஞ்சவில்லை. கல்லுக்குள் தேரைக்குப் படியளந்தது ஒரு விரிசல்தான் என்பது இதில் தெரிந்தது. அறிவியலின் பெயரால் நடந்த கொடுமை என்றே இன்று இதைப் படிக்கும்போது தோன்றுகிறது. ஆயினும் தவளை இனம் பசி தாங்கும், பசியற்றதன்று என்பதை இத்தனை தெளிவாக எவரும் அதுவரை காட்டியதில்லை.

கண்ணாடிக்குள் ஈரமும் செடியும் சேர்ந்த சிறு காடு என்ற எண்ணம் வேறொரு வழியில் வந்தது. இலண்டன் மருத்துவர் நத்தானியேல் வார்ட் 1829 வாக்கில் அந்துப்பூச்சிக் கூட்டுப்புழு ஒன்றை ஈரமண்ணோடு மூடிய புட்டியில் வைத்திருந்தார். பூச்சிக்காகக் காத்திருந்தவரின் கண்ணில் பட்டது மண்ணில் முளைத்த பெரணி. அதிலிருந்து பிறந்த கண்ணாடிப் பெட்டிகள்தாம் பின்னாளில் சீனத்துத் தேயிலைக் கன்றுகளை இமயச் சாரலுக்குக் கொண்டு சேர்த்தன. (இது தனியாக எழுத வேண்டிய கதை.) 1884-ல் யோஹான் ஃபான் ஃபிஷர் ஜெர்மனில் டெராரியத்தைப் பற்றி முழு நூலே எழுதினார். ஏணி போய்ச் செடி வந்தது. ஆனால் செடி மட்டும் தவளையைத் தின்ன வைத்துவிடவில்லை.

வளர்த்துப் பார்த்தவர்கள் அனைவரும் கண்ட ஒரு புதிர் உண்டு. செத்த ஈக்களைக் குவித்து வைத்தாலும் தவளை அசையாது. ஒரே ஓர் உயிருள்ள ஈ நடந்தால் உடனே திரும்பும். இதைப் பிடிவாதம் என்றோ, புதுப்பிடி இரை மீதான ருசி என்றோ எண்ணிக்கொள்வது எளிது. விடை தவளையின் கண்ணிலேயே இருந்தது. கேம்பிரிட்ஜில் ஹொரஸ் பார்லோ 1953-ல் தவளையின் விழித்திரையை ஆராய்ந்து, சில நரம்பணுக்கள் ஈயின் அளவுள்ள பொருளுக்கே சிறப்பாகத் துலங்குகின்றன என்று காட்டினார். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் லெட்வின், மட்டுரானா, மெக்கல்லக், பிட்ஸ் ஆகிய நால்வர் 1959-ல் வெளியிட்ட கட்டுரை இதை முழுமையாக்கியது. வானொலிப் பொறியாளர்களின் இதழில் வெளிவந்த அக்கட்டுரை இன்றும் படிக்கச் சுவையானது.

அவர்கள் தவளையின் பார்வைக் கோணத்தில் எடுத்த புல்லும் பூவும் நிறைந்த பெரிய வண்ணப் படமொன்றைத் தவளையின் முன் அசைத்தார்கள். அந்த நரம்பிழை மௌனமாக இருந்தது. படத்தின் மீது ஈயளவு பொருள் ஒன்றைக் காந்தத்தால் நகர்த்தினார்கள். நரம்பு படபடத்தது. அதே பொருளைப் படத்தோடு ஒட்டிப் படத்தையே அசைத்தபோது மீண்டும் மௌனம். பின்னணியிலிருந்து பிரிந்து அசையும் சிறிய கரும்புள்ளிதான் தவளைக்கு உணவு. அசையாத உணவு அதற்கு உணவன்று, ஏன், ஒரு பொருளாகவே அதற்குத் தென்படுவதில்லை. உண்ணத்தக்கவை சூழ்ந்திருக்க, அவை அசையாததால் தவளை பட்டினியால் இறந்துபோகும் என்று அவர்கள் எழுதியது இந்தப் பொருளில்தான். சன்னலோரக் குடுவைகளில் எத்தனை தவளைகள் செத்த ஈக்களின் நடுவே அப்படி இறந்தனவோ! இன்று வளர்ப்பவர்கள் இடுக்கியில் பிடித்த புழுவைத் தவளையின் முன் மெல்ல ஆட்டுகிறார்கள். அதுவும் அந்தியில். ஏனெனில் மரத்தவளை இரவில் விழிக்கும் உயிர். நண்பகலில் ஊட்ட முயல்வது தூங்கும் குழந்தையின் வாயில் சோற்றைத் திணிப்பதற்கு ஒப்பு.

அசைவைக் கற்றுக்கொண்ட பிறகும் சிக்கல் தீரவில்லை. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வளர்ப்புச் சந்தையின் விருப்பத் தவளையாக ஆனது ஆஸ்திரேலியாவின் பச்சை மரத்தவளை. முதல் கைதிக் கப்பல்களோடு சென்ற மருத்துவர் ஜான் வைட் 1790-ல் வெளியிட்ட பயண நூலில்தான் அது முதலில் அறிமுகமானது. அதன் இலத்தீன் பெயருக்கு 'நீலமானது' என்று பொருள். சாராயத்தில் ஊறிய உடலில் மஞ்சள் நிறமி கரைந்து நீலம் மட்டும் எஞ்சியிருந்ததால் பச்சைத் தவளை நீலத் தவளையாயிற்று. பெயரிலும் தவளைக்கு நியாயம் கிடைக்கவில்லை.

இந்தத் தவளைகளுக்குப் பண்ணைகளில் வளர்த்த சுவர்க்கோழிகள் நாள்தோறும் கிடைத்தன. தின்றும் அவை நலிந்தன. சுவர்க்கோழியின் உடலில் பாஸ்பரஸ் மிகுதி, சுண்ணாம்புச்சத்து குறைவு. அதையே தின்னும் தவளையின் எலும்பு மென்மையாகி, தாடை இளகி, கடைசியில் இரையைப் பற்றவே முடியாமற்போகும். அதனால்தான் இரை மீது சுண்ணாம்புப் பொடி தூவுவதும், சுவர்க்கோழிக்கே ஓரிரு நாள் கீரையும் காரட்டும் ஊட்டி அதன்பின் தவளைக்குக் கொடுப்பதும் வழக்கமாயின. இதைவிடக் கொடியது வைட்டமின் ஏ குறைபாடு. இயற்கையில் ஏறத்தாழ அற்றுப்போய்க் காப்பகங்களை நம்பி எஞ்சிய வயோமிங் தேரைகள் இரை மீது நாக்கை வீசின. ஆனால் பூச்சி ஒட்டவில்லை. நாக்கின் சளிச் சுரப்பி அணுக்கள் தடித்து உலர்ந்து, ஒட்டும் தன்மையை இழந்திருந்தன. எதிரே இரை நடக்கிறது, கண் காண்கிறது, நாக்கு பாய்கிறது, வாய்க்கு ஒன்றும் வருவதில்லை. பக்லண்டின் கல்லறைத் தேரைகளைவிட இவற்றின் நிலை மேலானது என்று என்னால் சொல்ல முடியவில்லை. நாக்கின் எச்சில் எத்தனை நுட்பமானது என்பதை 2017-ல் வெளியான ஓர் ஆய்வு விளக்கியது. மோதும் நொடியில் அது இளகிப் பூச்சியின் இடுக்குகளில் பரவுகிறது, இழுக்கும் நொடியில் கெட்டிப்படுகிறது. விழுங்கும்போது தவளையின் கண்கள் உள்ளே அமிழ்ந்து இரையைத் தள்ளிவிடுகின்றன. கண்ணால் கண்டு கண்ணாலேயே விழுங்கும் உயிர் அது.

இப்போது வளர்ப்பவர்கள் எதிர்கொள்வது நேர்மாறான இக்கட்டு. ஆஸ்திரேலிய மரத்தவளை அசையும் எதையும் மறுக்காது. காட்டில் அடுத்த வேளை நிச்சயமில்லாத உயிருக்கு மறுக்கும் பழக்கம் எதற்கு? கண்ணாடிப் பெட்டியில் கொழுத்து, கண்ணுக்கு மேலே மடிப்பு மடிப்பாகச் சதை தொங்கி, பார்வையையே மறைக்கத் தொடங்கிவிடுகிறது. முழு வளர்ச்சி அடைந்த தவளைக்கு வாரத்தில் இரண்டு மூன்று வேளை போதும். இரை அதன் இரு கண்களுக்கு இடைப்பட்ட அகலத்தைத் தாண்டலாகாது. தின்னாமல் விட்ட சுவர்க்கோழியைக் காலையில் எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அது உறங்கும் தவளையைக் கடித்துத் தின்னத் தொடங்கும்.

ஐரோப்பிய மரத்தவளைக்கு 1992-ன் ஐரோப்பிய வாழிடச் சட்டம் கடும் பாதுகாப்பு அளித்திருக்கிறது. காட்டிலிருந்து அதைப் பிடித்துவருவது ஜெர்மனியில் குற்றம். ஏணி வைத்த குடுவைகளில் இன்று பீங்கான் தவளைகள் அமர்ந்திருக்கின்றன.