பத்துக் கேள்விகள், பல ஆயிரம் மேற்கோள்கள்

தோல் மருத்துவ ஆய்வாளர் ஒருவரின் பெயரைச் சொன்னதுமே, "எத்தனை கட்டுரை? எத்தனை மேற்கோள்? எச்-இண்டெக்ஸ் எவ்வளவு?" என்று கேட்பது இன்று வழக்கமாகிவிட்டது. பதவி உயர்வானாலும் ஆய்வு நிதியானாலும் அந்த எண்கள்தாம் முன்னால் வந்து நிற்கின்றன. அவற்றை ஒதுக்கிவிட வேண்டும் என்பது என் கட்சி அல்ல. மேற்கோள் எப்படிச் சேர்ந்தது என்று பார்க்காமல் எண்ணை மட்டும் பார்ப்பது போதாது. இதற்கு ஆண்ட்ரூ ஃபின்லேயின் ஒரு கட்டுரையே நல்ல சான்று.

வேல்ஸின் கார்டிஃப் நகரில் பணியாற்றிய ஃபின்லே, கான் என்பவருடன் சேர்ந்து 1994-இல் 'கிளினிக்கல் அண்ட் எக்ஸ்பெரிமென்டல் டெர்மடாலஜி' இதழில் அதை வெளியிட்டார். மொத்தம் ஏழே பக்கம். அதில் புது மருந்தும் இல்லை, புது நோயும் இல்லை. தோல் நோயாளிகள் 120 பேரிடம், நோய் அவர்கள் வாழ்க்கையை எப்படிப் பாதிக்கிறது என்று கேட்டார்கள். 49 விதமான பாதிப்புகள் தெரியவந்தன. அவற்றிலிருந்து பத்துக் கேள்விகளை உருவாக்கி, மருத்துவமனைக்குப் புதிதாக வந்த 200 பேரிடம் கொடுத்துப் பார்த்தார்கள். தோல் மருத்துவர்கள் டி.எல்.க்யூ.ஐ. என்று அழைக்கும் வினாத்தாள் இப்படித்தான் பிறந்தது.

கேள்விகள் எல்லாம் கடந்த ஒரு வாரத்தைப் பற்றியவை. அரிப்போ வலியோ எவ்வளவு இருந்தது? தோலை நினைத்துக் கூச்சப்பட்டீர்களா? என்ன உடை உடுத்துவது என்பதில் நோய் குறுக்கிட்டதா? வேலைக்கோ படிப்புக்கோ போக முடியாமல் போனதா? தாம்பத்தியத்தில் சிக்கல் உண்டா? ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். கூட்டுத்தொகை 30-க்கு மேல் போகாது. பத்தாவது கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது. மருந்து பூசுவதால் வீடு பாழாகிறதா, நேரம் வீணாகிறதா என்று அது கேட்கிறது. தான் எழுதிக் கொடுத்த களிம்பே நோயாளிக்குச் சுமையாகிறதா என்று மருத்துவரே விசாரிக்கிறார்!

சொரியாசிஸின் கடுமையை அளக்க 1978-இலேயே 'பாஸி' என்ற அளவுகோல் வந்துவிட்டது. சிவப்பு, தடிப்பு, செதில், பரப்பு ஆகியவற்றை அது கணக்கிடும். ஆனால் உள்ளங்கை அளவு படை முகத்தில் வந்தவரின் வேதனை அதில் ஏறாது. அந்த இடைவெளியைத்தான் பத்துக் கேள்விகள் நிரப்பின. பிரிட்டனில் சொரியாசிஸுக்கு விலை உயர்ந்த உயிரியல் மருந்துகளை அரசுச் செலவில் தர வகுத்த நெறிமுறையில், பாஸி 10-ஐத் தொட்டிருப்பதோடு இந்த மதிப்பெண்ணும் 10-ஐத் தாண்டியிருக்க வேண்டும் என்று விதித்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகளில் வினாத்தாள் புழங்குகிறது. மருந்துச் சோதனை நடத்துவோர் இதைப் பயன்படுத்தும்போதெல்லாம் 1994-ஆம் ஆண்டுக் கட்டுரையைச் சுட்டுகிறார்கள். மேற்கோள் பல ஆயிரமாகப் பெருகியது இப்படித்தான்.

இனி எச்-இண்டெக்ஸைப் பாருங்கள். இயற்பியலாளர் ஹிர்ஷ் 2005-இல் முன்வைத்த கணக்கு அது. 40 கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது 40 முறை சுட்டப்பட்டிருந்தால் குறியீடு 40. அந்தக் கணக்கில் ஆயிரக்கணக்கில் சுட்டப்பட்ட கட்டுரையும் ஒன்று, நாற்பதே முறை சுட்டப்பட்டதும் ஒன்று. சிகிச்சை முறையையே மாற்றிய உழைப்புக்கு இது நியாயமான அளவு ஆகாது.

மேற்கோள் என்றாலே பாராட்டு என்று எண்ணுவதும் தவறு. 'எனக்குப் பொருந்தாது' என்று நோயாளி குறித்தால் இந்த வினாத்தாள் சுழியம் தருகிறது. விளையாடாத முதியவருக்கும், துணையை இழந்தவருக்கும் துன்பம் குறைவாகத் தெரிய இதுவே காரணம். 2018-இல் ஹங்கேரி ஆய்வாளர்கள் இந்தக் குறையை எடுத்துக்காட்டி, கணக்கைத் திருத்தும் சூத்திரம் ஒன்றையும் தந்தார்கள். குறை சொன்ன அந்தக் கட்டுரையும் மேற்கோள் பட்டியலில் இன்னோர் எண்தான். ஒரு கருவியைப் பொருட்படுத்தித் திருத்த முன்வருவதைவிடப் பெரிய மரியாதை ஆய்வுலகில் இல்லை என்பேன்.

தேர்வுக் குழுக்களில் அமரும் பேராசிரியர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான்: விண்ணப்பதாரர் எழுதிய ஒரு கட்டுரையையாவது முழுதாகப் படியுங்கள், அதைச் சுட்டியவர்கள் எதற்காகச் சுட்டினார்கள் என்றும் பாருங்கள், பிறகு மதிப்பெண் போடுங்கள்.