குப்பைக்குழியும் விசாரணை மன்றமும்

அமீர்கள் கட்டிய மாளிகைகள் ஏடுகளில் உண்டு. ஊர்ச்சனங்கள் என்ன தின்றார்கள் என்பதற்கு நான் குப்பைக்குழிகளைத்தான் நம்புகிறேன்.

போர்த்துக்கல்லின் சாந்தரேம் நகரை எடுத்துக்கொள்வோம். 1147இல் கிறித்துவ அரசன் கைப்பற்றும்வரை பெரும்பாலும் முஸ்லிம் ஆட்சியில் இருந்த ஊர். அக்கால மண்ணடுக்குகளில் பன்றி எலும்பு அருகிப்போகிறது, ஆட்டெலும்பு மிகுகிறது. ‘பாத்தீங்களா, மதம்!’ என்று முடித்துவிடலாம். ஆனா கதை அதோட முடியல. எலும்பாய்வாளர் சைமன் டேவிஸ், தென் போர்த்துக்கல்லில் முஸ்லிம் காலத்துச் செம்மறிகள் உருவில் பெருத்தன என்று 2008இல் எழுதினார். ஆடு தானாகப் பெருத்துவிடுமா? பெயரற்ற மேய்ப்பர்களின் தலைமுறை உழைப்பு அதற்குள் இருக்கிறது என்றே நான் வாசிக்கிறேன். கிழட்டு ஆட்டின் எலும்பு பாலையும் கம்பளியையும் சொல்லும். கொம்பெலும்புகள் ஓரிடத்தில் குவிந்திருந்தால் அருகே தோல் பதனிட்டவர்களைத் தேடலாம்.

இதே சோற்றுச்சட்டியை அதிகாரமும் வாசித்தது. 1492இல் கிரனாடா வீழ்ந்தது. பின்னர் கட்டாயமாக மதம் மாற்றப்பட்ட மொரிஸ்கோக்கள் பன்றிக்கறியை ஒதுக்கியதையே மதவிசாரணை மன்றம் குற்றச்சான்றாக்கியது. 1609 முதல் அவர்களை நாட்டைவிட்டே துரத்தினார்கள்.

அப்படியானால், எலும்பைக் கண்டதும் மத அடையாளம் ஒட்டும் ஆய்வுக்கும் அந்த விசாரணைக்கும் எவ்வளவு தூரம்? முஸ்லிம் கால அடுக்கில் ஒரு பன்றி எலும்பு கிடைத்தால் அது அண்டைவீட்டுக் கிறித்துவருடையதாக இருக்கலாம். வேட்டையில் விழுந்த காட்டுப்பன்றியாக இருக்கலாம். வெறும் பசியாகவும் இருக்கலாம். யார் வளர்த்தது, யார் அறுத்தது, நல்ல கறி யாருக்குப் போனது என்ற கேள்விகளை முதலில் கேட்போம்.